அப்பாவுக்குத் தள்ளுபடி, மகனுக்குப் பைசல்

2021 பிப்ரவரியில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அரசு அறிவித்தபோது, மாநிலம் முழுக்க 16.43 லட்சம் விவசாயிகள் அந்தக் கணக்கில் வந்தார்கள். மொத்தம் 12,110 கோடி ரூபாய். திருத்துறைப்பூண்டிப் பக்கம் பதினைந்து மா நிலம் வைத்திருக்கும் எங்கள் சித்தப்பாவும் அதில் ஒருவர். தள்ளுபடி ரசீது கைக்கு வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். அடுத்த போகத்துக்கு அதே சங்கத்தில் மறுபடியும் கடன் வாங்கி விதை நெல் எடுத்தார். யாரும் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. அதே வருஷம், அதே வீட்டில், அவருடைய மகனும் ஒரு கடனை முடித்தான். கிரெடிட் கார்டு பாக்கி. பேங்குக்காரர்களே போன் செய்து, இவ்வளவு கட்டினால் போதும், மீதியை விட்டுவிடுகிறோம் என்றார்கள். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினான். அவனுக்கும் அன்றைக்குப் பெரிய நிம்மதிதான். ஆனால் இரண்டு வருஷம் கழித்து, கடைக்கு ஒரு குட்டியானை லோடு வண்டி வாங்கலாம் என்று கடன் கேட்டுப் போனபோது, மேனேஜர் கம்ப்யூட்டரில் அவனுடைய கடன் வரலாற்றைப் பார்த்துவிட்டு, "சிபில் இடிக்குதே தம்பி" என்றார்.

ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர். ஒருவர் கடனில் ஒரு பைசாகூடக் கட்டவில்லை. இன்னொருவன் பாதிக்கு மேல் கட்டினான். கட்டாதவர் பேர் சுத்தமாக இருக்கிறது, கட்டியவன் பேரில் கறை. கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். இதற்கு விதிப்படி விளக்கம் சொல்ல எனக்குத் தெரியும், சொல்லியும் இருக்கிறேன். இருந்தாலும் மனசு ஒப்பவில்லை.

தம்பி ஊதாரி கிடையாது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கார்டு கடன் என்றதும் விலை உயர்ந்த போனும் ஓட்டல் பில்லும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. அவன் நடத்துவது எலெக்ட்ரிக்கல் கடை. வயர், சுவிட்ச், பம்புசெட் சாமான், மோட்டாருக்கு காயில் கட்டுவது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்துபோன பிறகு எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அது திரும்பி வரும் நேரத்தில் எல்லா வீட்டிலும் வயரிங் மாற்ற வேண்டியிருந்தது. வியாபாரம் அமோகமாக நடக்க வேண்டிய காலம், நடக்கவும் செய்தது, ஆனால் கடனுக்கு. கார்டைத் தேய்த்துத் திருச்சியிலிருந்து சரக்கு எடுத்து வந்தான். வாங்கியவர்களெல்லாம் தென்னையும் நெல்லும் போன ஆட்கள். வேரோடு சாய்ந்த நூறு மரத்துக்கு நடுவில் நிற்கிறவரிடம் போய் வயர் பாக்கியை எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. கார்டு பில் மட்டும் மாதம் தவறாமல் வந்தது.

மூன்றரை வட்டி

நம் பக்கத்தில் வட்டியை மாதத்துக்குத்தான் பேசுவோம். ஒரு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். தெரிந்தவர் ஒன்றரைக்குக் கொடுப்பார், அடகுக் கடையில் இரண்டு, மூன்றுக்குப் போனால் "அவன்கிட்ட ஏன்டா போனே" என்று வீட்டில் திட்டு விழும். கார்டில் பாக்கி வைத்தால் பெரும்பாலும் மூன்றிலிருந்து மூன்றே முக்கால் வட்டி. அதற்கு மேல் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்தே இருக்கிறது, ஆனால் அது பேங்குகளைத் தொடாது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல், வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று சொல்லியிருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவையும் ரத்து செய்துவிட்டது. வட்டி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்பது வாதம். சரி. ஆனால் மூன்று வட்டிக்கு விடுகிற ஆளைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாம், மூன்றரை வட்டிக் கார்டைப் பர்சில் வைத்துக்கொண்டு கௌரவமாக நடக்கிறோம்.

தம்பியைச் சாய்த்தது அந்த வட்டியைவிட 'மினிமம் டியூ', அதாவது குறைந்தது இவ்வளவு கட்டு என்று பில்லில் தடித்த எழுத்தில் போட்டிருக்கும் தொகைதான். எளிமையாக்கிச் சொல்கிறேன். பாக்கி 80,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றரை வட்டிக்கு மாதம் 2,800. அதற்கு ஜி.எஸ்.டி. 504. ஆக 3,304. மினிமம் என்று கேட்பது ஐந்து சதவீதம், அதாவது 4,000. அதை நாணயமாகக் கட்டுகிறவனுக்கு அசலில் கழிவது 696 ரூபாய். அந்த மாதம் புதிதாக ஒரு பெட்ரோல் போட்டாலும் அதுவும் சேர்ந்துகொள்ளும், ஏனென்றால் பழைய பாக்கி இருக்கும்வரை புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. அவசரத்துக்குக் கார்டைப் போட்டு ஏ.டி.எம்மில் பணம் எடுத்தால் எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடும், எடுத்ததற்குக் கட்டணமும் உண்டு.

பிறகு 2020 வந்தது. மார்ச் 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கி தவணை ஒத்திவைப்பு அறிவித்தது. முதலில் மூன்று மாதம், அப்புறம் ஆகஸ்ட் 31 வரை. கார்டுக்கும் அது பொருந்தும். கடையைத் திறக்கவே வழியில்லாத தம்பி எடுத்துக்கொண்டான். தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. பின்னால் அரசு திருப்பிக் கொடுத்தது வட்டிக்கு மேல் போட்ட வட்டியை மட்டும். மீண்டும் கணக்குப் பார்த்தபோது பாக்கி ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகியிருந்தது. நாளுக்கு நாலு போன். பக்கத்துக் கடைக்காரருக்குக்கூடப் போன். அந்த நிலையில்தான், 65,000 கட்டுங்க, முடிச்சுக்கலாம் என்று ஒரு தன்மையான குரல் சொன்னது.

கட்டங்கள் நிறைந்த தாள்

மேனேஜர் திருப்பி அனுப்பிய வாரம் அவன் என்னிடம் வந்தான். சித்தப்பாவும் கூட வந்திருந்தார். ஆபீஸ் முடிந்து எல்லோரும் போன பிறகு அவனுடைய கடன் அறிக்கையை இறக்கிப் பிரிண்ட் எடுத்தோம். பலருக்குத் தெரிவதில்லை: நம் நாட்டில் இப்படிக் கடன் வரலாறு வைத்திருக்கும் நிறுவனங்கள் நான்கு. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நான்கும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதற்குப் பணம் கேட்கிறவர்களிடமும், 'சிபில் சரிசெய்து தரப்படும்' என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடமும் போக வேண்டிய அவசியமே இல்லை. உண்மையாக நடந்ததை யாராலும் அழிக்க முடியாது. தவறாகப் பதிந்திருந்தால் நாமே புகார் கொடுக்கலாம், காசு கிடையாது. 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத்தான் தர வேண்டும். இனிஷியலை முன்னால் ஒரு இடத்திலும் பின்னால் ஒரு இடத்திலும் போட்டு, அப்பா பேரைக் குடும்பப் பேராக்கி வைத்திருக்கும் நமக்கு இந்தப் புகார் வசதி ரொம்பவே தேவை. ஒரே பேரில் இருந்த இன்னொருவரின் டூவீலர் கடன் ஏறி நின்ற அறிக்கையை நானே பார்த்திருக்கிறேன்.

தம்பியின் அறிக்கையில் அப்படித் தவறு ஏதும் இல்லை. அதுதான் சங்கடம். கார்டு கணக்குக்குக் கீழே மாதத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், மூன்று வருஷத்துக்கு. 000 என்றிருந்தால் அந்த மாதம் நிலுவை இல்லை. முதலில் வரிசையாக 000. அப்புறம் ஒரு 030. மறுபடி 000, ஏதோ புரட்டிக் கட்டியிருக்கிறான். பிறகு 030, 060, 090 என்று ஏறிக்கொண்டே போகிறது. எல்லாம் எத்தனை நாள் தாமதம் என்கிற கணக்கு. சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன மாசம்? நடவு சமயமா?" என்று கேட்டார். ஆமாம், நடவு சமயம்தான். கணக்கின் தலைப்பில் 'செட்டில்டு', அதாவது முழுவதும் கட்டாமல் பேசி முடித்தது என்று இருந்தது. கட்டிய தொகை, தள்ளிய தொகை இரண்டும் பக்கத்திலேயே.

அவன் மஞ்சள் பையிலிருந்து செட்டில்மென்ட் கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் தொகையும் தேதியும். இரண்டாம் பக்கத்தில், நிபந்தனைகளுக்கு நடுவே, இந்தக் கணக்கு இவ்வாறுதான் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கப்படும் என்று ஒரு வரி. ஆங்கிலத்தில். அவர்கள் பொய் சொல்லவில்லை. போனில் தமிழில் பேசியவர் 'முடிஞ்சிரும்' என்றார், முடிந்ததும் உண்மை. எங்கே, எப்படி முடிந்தது என்று எழுதி வைப்போம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதனால் புகார் கொடுக்கவும் வழியில்லை. அந்த வரியை நான் அவனுக்குப் படித்துச் சொன்னபோது அவன் ஒன்றும் பேசவில்லை. சித்தப்பாதான் கேட்டார்.

"எனக்கு முழுசையும் விட்டானுவ, என் பேருல ஒண்ணும் எழுதல. இவன் சங்கிலிய வச்சுக் கட்டியிருக்கான். இவன் பேருல மட்டும் ஏன் எழுதுனானுவ?"

விளக்கினேன். உங்கள் கடனை அரசாங்கம் சங்கத்துக்குக் கொடுத்துவிடுகிறது, சங்கத்துக்கு நஷ்டம் இல்லை. இவனுடைய 55,000 பேங்குக்கு நஷ்டம். அதை அடுத்துக் கடன் கொடுக்கப் போகிறவருக்குத் தெரிவிக்கிறார்கள், அவ்வளவுதான். சித்தப்பா கேட்டுக்கொண்டார். "அப்ப எனக்காக ஒருத்தன் கட்டுனான், இவனுக்காக யாரும் கட்டல. அதத்தானே எழுதியிருக்கு?" என்றார். சுருக்கமாகச் சொன்னால் அதுதான். நம் ஊரில் கடன் பைசலாகிற விதமே வேறு. நாலு பேர் உட்கார்ந்து, வட்டியில் கொஞ்சம், அசலில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லி, பணத்தை எண்ணிக் கொடுத்து, புரோநோட்டை எல்லோர் முன்னிலையிலும் கிழித்துப் போட்டால் முடிந்தது. அதற்கப்புறம் அதைச் சொல்லிக் காட்டுகிறவனைத்தான் ஊர் தப்பாகப் பேசும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்குப் பாதித் தொகையில் முடித்துக்கொள்வது தலைநிமிர்கிற காரியம். அறிக்கையில் அது தலைகுனிவு. கடிதத்தின் முதல் பக்கத்திலேயே, தமிழில், பெரிய எழுத்தில் இதைச் சொன்னால் பாதிப் பேர் இன்னும் ஆறு மாதம் அவகாசம் கேட்டு முழுவதையும் கட்டப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். மற்ற பாதிப் பேருக்கு வேறு வழியே இருக்காது, அதுவும் உண்மை. ஆனால் தெரிந்து கையெழுத்துப் போடுவார்கள்.

சொந்தப் பணத்தைக் கடன் வாங்குவது

விட்டுக்கொடுத்த தொகையைப் பிறகாவது கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கினால், கணக்கை முழுவதும் கட்டி மூடியதாக மாற்றச் சொல்லிக் கேட்கலாம். தாமதக் கட்டங்கள் அதனால் மாறாது, தலைப்பு மாறும். 55,000 ஒரே நாளில் புரளவில்லை. அதுவரை சும்மா இருக்கவும் கூடாது, ஏனென்றால் கடனே இல்லாமல் ஒதுங்கி இருப்பவனுக்குப் புதிதாக எழுத ஒரு கட்டமும் வராது. பழைய கட்டங்களே முன்னால் நிற்கும். அதனால் நான் சொன்னது, டெபாசிட்டின் பேரில் கொடுக்கும் கார்டு. 20,000 ரூபாய் எஃப்.டி. போட வேண்டும். அதை ஈடாக வைத்துக்கொண்டு, அதில் 80 அல்லது 90 சதவீதத்துக்கு லிமிட் வைத்து ஒரு கார்டு கொடுப்பார்கள். பேங்குக்கு ஆபத்தே இல்லாததால் ஸ்கோர், அதாவது அறிக்கையை வைத்துப் போடும் கடன் மதிப்பெண், விழுந்தவருக்கும் பல இடங்களில் கிடைக்கும். எஃப்.டி.க்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். லிமிட்டுக்குள் தாராளமாகத் தேய்க்கக் கூடாது, முப்பது சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. பில் வந்ததும் முழுத் தொகையும் தானாகக் கணக்கிலிருந்து போகும்படி ஆட்டோ டெபிட் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

சித்தப்பா சிரித்தார். "நம்ம பணத்தக் கொண்டுபோயி அடகு வச்சு, நம்ம பணத்தயே கடனா வாங்கி, அத நாமளே கட்டி, கட்டுறேன் பாருன்னு அவனுக்குக் காட்டணும். இதுக்கு ஒரு அட்டை." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பணத்தின் கண்ணோட்டத்தில் பார்த்தால் அர்த்தமே இல்லாத காரியம்தான். மாதம் ஒரு கட்டத்தில் 000 எழுதுவதைத் தவிர அந்தக் கார்டுக்கு வேறு வேலை கிடையாது.

தம்பி அதில் கேஸ் சிலிண்டரும் கடைக் கரண்ட் பில்லும் மட்டும் கட்டினான். ரூபே கார்டாக இருந்தால் யு.பி.ஐ.யில் இணைத்துக்கொள்ளலாம் என்று பேங்கில் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். டீக்கடையில் ஸ்கேன் செய்யும்போது கணக்கிலிருந்து போகிறதா, கடனிலிருந்து போகிறதா என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? முதல் சில மாதம் ஸ்கோர் அசையவே இல்லை. அவனுக்குச் சலிப்பு. 2025 ஜனவரி முதல் பேங்குகள் பதினைந்து நாளைக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்று ஆனதால் மாற்றம் முன்பைவிடச் சீக்கிரம் தெரிகிறது, ஆனால் நாணயம் திரும்புவது அதே வேகத்தில்தான். 600-ஐ ஒட்டி இருந்தது ஒரு வழியாக 700-ஐத் தொட்டது. இடையில் இரண்டு சம்பா கண்டு, சித்தப்பா கொடுத்ததும் கடையில் சேர்த்ததுமாக அந்த 55,000-ஐயும் கட்டி முடித்தான்.

மாற்றி வைப்பது

இந்தச் சமயத்தில் ஒரு பள்ளி ஆசிரியை ஆபீசுக்கு வந்தார். இரண்டு கார்டில் பாக்கி, ஒரு தவணைகூடத் தவறியதில்லை. ஒரு பேங்கின் பாக்கியை இன்னொரு பேங்கின் கார்டுக்கு மாற்றிக்கொள்ளும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் வசதி வந்திருக்கிறது, எடுக்கலாமா, கடனை அடைக்கக் கடன் வாங்குவது அசிங்கம் இல்லையா என்று கேட்டார். எனக்கு எங்கள் அம்மாதான் நினைவுக்கு வந்தார். அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு இருக்கும் வளையலை, ஒரு நாளைக்கு மட்டும் யாரிடமாவது பணம் புரட்டி மீட்டு, அன்றைக்கே சங்கத்தில் குறைந்த வட்டிக்கு வைத்து, அந்தப் பணத்தைச் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவார். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து எடை போடும்வரை அம்மா முகத்தில் ஈயாடாது. டெல்டாவில் குறுவைக்கு வைத்து, தை அறுப்பில் மீட்கிற வீடுகளில் இது வருஷா வருஷம் நடக்கிற காரியம். யாரும் அசிங்கம் என்று சொன்னதில்லை.

கணக்கும் அதையே சொன்னது. 60,000 பாக்கிக்குப் பழைய கார்டில் மூன்றரை வட்டியும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து மாதம் 2,478. புதிதில் ஒரு வட்டி என்றால் 708. மாற்றுவதற்கு இரண்டு சதவீதக் கட்டணம், வரியோடு 1,416. முதல் மாதத்திலேயே கட்டணம் எடுபட்டுவிடுகிறது. சலுகை ஆறு மாதம்தான், அதற்குள் அடைக்காவிட்டால் பழைய வட்டிக்கே போய்விடும் என்பதையும், மாற்றிய கார்டில் அதுவரை புதுச் செலவு செய்யக் கூடாது என்பதையும் சொன்னேன். ஒரே ஒரு வித்தியாசம்தான் எனக்கு உறுத்தியது. அம்மா மீட்டதும் வளையல் சங்கத்துப் பெட்டிக்குப் போய்விடும், அதைப் பழைய அடகுக் கடையில் மறுபடி வைக்க முடியாது. கார்டில் அப்படி இல்லை. பாக்கி நகர்ந்ததும் பழைய கார்டில் 60,000 லிமிட் காலியாகி, இதோ இருக்கிறேன் என்று நிற்கும். மாற்றி எடுத்துச் சிக்கிக்கொண்டவர்கள் என் மேஜைக்கு வந்திருக்கிறார்கள். எல்லோரும் அந்த இடத்தில் சறுக்கியவர்கள்தான். ஆசிரியை பழைய கார்டின் லிமிட்டைப் பத்தாயிரமாகக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். ரத்து செய்திருக்கலாம். கேட்டு ஏழு வேலை நாளில் மூடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் பேங்க் தர வேண்டும் என்று 2022-லிருந்து விதி இருக்கிறது. ஆனால் நெடுநாள் கார்டை மூடினால் ஸ்கோர் கொஞ்சம் இறங்கலாம் என்பதால் வைத்துக்கொண்டார்.

அவருக்கு அந்த வசதி கிடைத்ததே ஒரு தவணையும் தவறாததால்தான். தம்பி 2019-ல், முதல் 030 விழுவதற்கு முன்னால் வந்திருந்தால் அவனுக்கும் கிடைத்திருக்கலாம். தவறிய பிறகு யாரும் மாற்றிக் கொடுக்க மாட்டார்கள். மூழ்குகிறவனுக்குக் கிடைப்பது, சில கடைகளில் இரண்டு மூன்று சதவீதம் பிடித்துக்கொண்டு கார்டைத் தேய்த்துக் கையில் காசு கொடுக்கிறார்களே, அந்த வேலைதான். அதுவும் விதிக்கு விரோதம்.

குட்டியானைக்குக் கடன் வேறொரு இடத்தில் கிடைத்தது, மற்றவர்களைவிட ஒன்றரை சதவீதம் கூடுதல் வட்டிக்கு. அவன் பேரம் பேசவில்லை. அறிக்கையின் தலைப்பு மாறிய பிறகு அவன் போனுக்குத் தினமும் மெசேஜ் வருகிறது. உங்கள் கார்டு பாக்கியை எங்களுக்கு மாற்றுங்கள், குறைந்த வட்டி என்று. மாற்ற அவனிடம் ஒரு பைசா பாக்கி இல்லை. போன வாரம் டெபாசிட் கார்டு கொடுத்த பேங்கிலிருந்தே கூப்பிட்டு, எஃப்.டி. இல்லாமல் ஒன்றரை லட்சம் லிமிட் தருகிறோம் என்றார்களாம். நம் சம்மதம் இல்லாமல் லிமிட்டைக் கூட்டக் கூடாது, நீ வேண்டாம் என்றால் போதும் என்றேன். போனில் சொன்னால் போதாதென்று நேரில் போய் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.